தீவன மூட்டை பிரிச்சா பச்சையா பூத்திருக்கு, காயவெச்சுக் குடுக்கலாமா? அவசரம்

கானாடுகாத்தான் கறவை (இரவு 8:41)
இன்னைக்குப் புது மூட்டை பிரிச்சேன். கட்டி கட்டியா இருக்கு, உடைச்சா உள்ள சாம்பப் பச்சையா பூத்துருக்கு. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிது. பாலும் குறைஞ்ச மாதிரி தெரியுது. வெயில்ல போட்டா சரியாயிருமா? நிறைய மூட்டை இருக்கு, காலையில மாட்டுக்கு வைக்கணும். யாராச்சும் உடனே சொல்லுங்க.

ரஸ்தா ராசு (8:50)
என்ன தீவனம் தம்பி? கடையில வாங்குனதா, நீங்களே அரைச்சதா? எத்தனை மூட்டை? எங்க அடுக்கி வெச்சுருக்கீங்க?

பள்ளத்தூர் பால்காரன் (8:53)
தவிடா இருக்கும். தவிடு ரெண்டு வாரத்துக்கு மேல நிக்காது. காறல் அடிச்சுருக்கும், அதான் மாடு திங்கல.

செவலக்காளை (8:58)
புண்ணாக்குல கலப்படம். இப்ப வர்ற கடலைப் புண்ணாக்கு பாதி உமி. வேற கடை மாத்துங்க.

தீவனக்கணக்கு (9:06)
இதே கேள்வி வருசா வருசம் ஐப்பசி பிறந்ததும் வந்துவிடுகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. போகட்டும். என்ன தீவனம், எப்போது அரைத்தது, எங்கே இருக்கிறது, எதுவும் சொல்லாமல் "அவசரம்" என்றால் ஜோசியந்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு மட்டும் பதில்: காயவைத்துக் கொடுக்காதீர்கள். வெயில் பூஞ்சை வளர்வதை நிறுத்தும், அது விட்டுச் சென்ற நஞ்சை நம்பும்படியாக எடுக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது.

ரஸ்தா ராசு (9:10)
அண்ணே, அவரு மாட்ட வெச்சுக்கிட்டுத் தவிக்கிறாரு. தம்பி, ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அடுக்குல எந்த மூட்டை பூத்துருக்கு? அடி வரிசையா, மேல் வரிசையா, சுவத்துப் பக்கமா, நடுவா? அது தெரிஞ்சா பாதி விசயம் வெளங்கிரும்.

கானாடுகாத்தான் கறவை (9:34)
டார்ச் அடிச்சுப் பாத்தேன். நாங்களே மில்லுல குடுத்து அரைச்சது. மக்காச்சோளம் 200 கிலோ, கடலைப் புண்ணாக்கு 150, தவிடு 230, தாது உப்பு 12, கல் உப்பு 8. மொத்தம் 12 மூட்டை, 50 கிலோ சாக்கு. வரிசைக்கு நாலா மூணு வரிசை. மேல் வரிசை நாலும் போச்சு. நடு வரிசையில ஓரமா தார்ப்பாயில ஒட்டிக்கிட்டு இருந்த ஒரு மூட்டை லேசா. அடி வரிசை நல்லாருக்கு. அடியில பலகை போட்டுருக்கோம்.

பள்ளத்தூர் பால்காரன் (9:37)
பச்சரிசித் தவிடா, புழுங்கல் தவிடா?

கோட்டையூர் (9:41)
தார்ப்பாயா? மூட்டைமேல மூடியா வெச்சிருக்கீங்க? கூரை என்ன? அரைச்ச அன்னைக்கே மூட்டை கட்டிட்டாங்களா?

கானாடுகாத்தான் கறவை (9:52)
பச்சரிசித் தவிடு. பழைய வீட்டுல மூணாங்கட்டு (பின்பக்கக் கட்டு), ஓடு போயிருச்சுன்னு தகரம் போட்டது. அரைச்சு 18 நாள் ஆச்சு. அன்னைக்குச் சாயங்காலம் மழை புடிச்சுக்கிச்சு, மில்லுல சுடச்சுடப் புடிச்சுக் கட்டி ஏத்தி வந்து அப்படியே தார்ப்பாய் போட்டுச் சுத்திக் கட்டிட்டோம்.

ரஸ்தா ராசு (10:05)
அங்கதான் இருக்கு. அடி வரிசை பூத்தா தரை ஈரம். சுவத்துப் பக்கம் பூத்தா சுவரு. நடு மூட்டை சூடாகிக் கட்டிபுடிச்சா சோளமே ஈரமா வந்துருக்கு. மேல் வரிசையும் தார்ப்பாய் ஒட்டுன ஓரமும் மட்டும் பூத்தா அது உள்ளேருந்து கெளம்புன ஆவி. மில்லுலேருந்து வர்ற மாவுல சூடு இருக்கும். சாக்குக்குள்ள அந்தச் சூடு ஈரத்த மேல தள்ளும். ராத்திரி தகரம் குளுந்ததும் தார்ப்பாயோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்து மேல் சாக்குலயே சொட்டும். நாளைக்கு விடியக்காலம் தார்ப்பாயத் தூக்கி உள்பக்கம் கையால தடவிப் பாருங்க.

தவிடு காறல் அடிச்சா பழைய எண்ணெய் நாத்தம் வரும், கட்டி புடிக்காது, பச்சையா பூக்காது. பூஞ்சைன்னா மக்குன மண்ணு வாடை. மோந்து பாத்தாலே ரெண்டும் வேற வேறன்னு தெரியும்.

பள்ளத்தூர் பால்காரன் (10:09)
நான் சொன்னதும் தப்பில்ல. பச்சரிசித் தவிட்டுல எண்ணெயக் கெடுக்கிற நொதி ஆலையில தீட்டுன அன்னைக்கே வேலையத் தொடங்கிரும். நெல்லப் புழுக்கும்போதே அந்த நொதி செத்துரும், அதனால புழுங்கல் தவிடு நின்னு பேசும். எண்ணெய் எடுத்த தவிடு இன்னும் நிக்கும். மழைக்காலத்துல 230 கிலோ பச்சரிசித் தவிட்ட ஒரே நேரத்துல கலக்குறது சரியில்ல, அவ்வளவுதான்.

தீவனக்கணக்கு (10:21)
இப்போதுதான் கேள்வி உருப்படியாக இருக்கிறது. செய்ய வேண்டியவை:

மேல் வரிசை நாலு, நடு வரிசை ஒன்று, ஐந்தும் கழிவு. "கட்டியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்" என்று யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். கோழிக்கும் போடாதீர்கள், அதற்கு மாட்டைவிடச் சீக்கிரம் பாதிக்கும். வாத்துக்கு இன்னும் மோசம். குப்பையில் கொட்டினால் தெருநாய் தின்று சாகும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஏழு மூட்டையில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் ஒரு பிடி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரே இடத்தில் அள்ளினால் முடிவு பொய்யாகும். பாலித்தீன் பையில் கட்டினால் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே பூக்கும். மாட்டுத் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முடிவு வரும்வரை கடைத் தீவனம்.

கானாடுகாத்தான் கறவை (10:26)
நேத்துவரைக்கும் குடுத்ததும் அந்த மேல் வரிசையில முன்னாடியே பிரிச்சிருந்த மூட்டையிலேருந்துதான். பாலு?

கோட்டையூர் (10:33)
மாடு தின்ன பி1 நஞ்சுல ஒரு பங்கு உடம்புல மாறி அஃப்ளடாக்சின் எம்1ங்கிற நஞ்சாப் பால்ல வரும், பெரும்பாலும் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. தின்னு ஒரு நாளைக்குள்ள பால்ல தெரியும், நிறுத்துன மூணு நாலு நாள்ல போயிரும். பால்ல எம்1க்கு உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். நாலு நாள் பாலச் சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க, பால் சொசைட்டிக்கும் ஊத்தாம விடுறது நல்லது. இரை எடுக்காம நின்னாலோ சாணி இளகிப் போனாலோ டாக்டரக் கூப்புடுங்க.

செவலக்காளை (10:40)
வண்டுக்கும் சேத்து மருந்து வெச்சுருங்க. கடையில மாத்திரை இருக்கு, மூட்டைக்கு ஒண்ணு போட்டுக் கட்டுனா ஒண்ணும் அண்டாது.

ரஸ்தா ராசு (10:42)
அண்ணே, தயவுசெஞ்சு அழிங்க அத. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு, ஈரம் பட்டதும் பாஸ்பீன்ங்கிற விஷ வாயு கக்கும். ஆளு படுக்குற வீட்டுல வெக்கிற சாமானா அது? குடோன்ல வெக்கவே பயிற்சியும் அனுமதியும் வேணும். பூஞ்சை நஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்பத்தா வீடு (10:55)
இந்த வீடுகள்ல வருசக்கணக்கா நெல்லு கெடாம இருந்துச்சு. வளவு (நடு முற்றம்) வழியா வெளிச்சமும் காத்தும் இறங்கும். சுண்ணாம்புச் சுவரு ஈரத்த வாங்கி விடும். அதுமேல பெயிண்ட் அடிச்சு, ஓட்டப் பிரிச்சுத் தகரம் போட்டுட்டு, பூஞ்சை புடிக்குதுன்னா என்ன பண்றது?

தீவனக்கணக்கு (11:02)
நெல்லையும் அரைத்த தீவனத்தையும் ஒப்பிடக் கூடாது. நெல்லுக்கு உமி ஒரு சட்டை. முழு மணி உயிரோடு இருக்கிறது. அரைத்த நிமிடம் அந்தச் சட்டை போயிற்று, எண்ணெயும் மாவும் காற்றில் பட்டாயிற்று. போதாததற்கு அதில் கல் உப்பும் தாது உப்பும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உங்கள் பத்தாயத்தில் மாவை ஒரு வருசம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

அப்பத்தா வீடு (11:07)
மாவ யாரும் வைக்கல. வேணுங்கிறப்பத் திரிச்சாங்க. அதத்தான் சொல்றேன்.

தீவனக்கணக்கு (11:09)
அப்படியென்றால் நாம் ஒன்றையேதான் சொல்கிறோம். சுவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அப்பத்தா வீடு (11:12)
சுவருக்குத் தொடர்பு இருக்கு.

காளையார்கோவில் ஆடு (11:15)
இடையில கேக்குறேன், மன்னிக்கணும். வைக்கோல் உருளை வாங்கி அடுக்குனேன், உள்ள கருத்துச் சூடா இருக்கு. யூரியா தெளிச்சா சரியாகுமா?

கோட்டையூர் (11:19)
தனி இழை போடுங்க. சுருக்கமா: சூடா இருந்தா முதல்ல பிரிச்சு ஆறப் போடுங்க, ஈரத்தோட உருட்டுன வைக்கோல் தீப்புடிச்சதும் உண்டு. யூரியா காஞ்ச நல்ல வைக்கோலுக்குத்தான். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணி, காத்துப் புகாம 21 நாள். கருத்ததுமேல தெளிச்சா கருத்தது கருத்ததுதான்.

ரஸ்தா ராசு (11:31)
கறவை தம்பி, எத்தனை மாடு? மூணுன்னு வெச்சுக்குறேன், தலைக்கு 8 லிட்டர். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, லிட்டருக்கு 400 கிராம், ஆக மாட்டுக்கு 4.7 கிலோ. மூணுக்கும் நாளைக்கு 14 கிலோ. 600 கிலோன்னா 42 நாளைக்கு வரும். அடை மழைக்காலத்துல அரைச்ச தீவனம் 42 நாள் இருந்தா எப்புடி? நாலு மூட்டை, ரெண்டு வாரத்துக்கு அரைங்க. சோளத்த முழுசா வெச்சுக்கங்க. கடிச்சா டக்குன்னு ரெண்டா உடையணும், பல்லுல அமுங்குனா ஈரம். இன்னும் சரியா பாக்கணும்னா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல கால்வாசி சோளம், ரெண்டு ஸ்பூன் வறுத்து ஆறுன தூளுப்பு போட்டு ரெண்டு நிமிசம் குலுக்கி வைங்க. உப்பு கண்ணாடியில ஒட்டிக்கிட்டா ஈரம் நூத்துக்குப் பதினஞ்சுக்கு மேல. வாங்காதீங்க. பன்னெண்டுக்குள்ள இருக்கணும்.

அரைச்சதும் சாக்குப் போட்டுப் பரப்பி, கைய உள்ள விட்டா குளுமையா இருக்குறவரைக்கும் ஆறவிட்டுத்தான் கட்டணும். உப்பையும் தாது உப்பையும் கலக்காமத் தனி டப்பாவுல வெச்சு, வைக்கும்போது அளந்து போடுங்க.

கோட்டையூர் (11:44)
தார்ப்பாயத் தூக்கி எறிய வேணாம். தகரத்துக்குக் கீழ ரெண்டடி எறக்கிச் சரிவாக் கட்டுங்க, வேர்க்குற தண்ணி ஓரமா ஓடிரும். மூட்டையில படக் கூடாது. பலகை அரை அடி உசரம் இருக்கட்டும், சுவத்துலேருந்து ஒன்றரை அடி தள்ளி. பனஞ்சட்டம் கெடச்சா சவுக்கவிட நல்லது. ஒவ்வொரு சாக்குலயும் சுண்ணாம்புக் கட்டியால தேதி எழுதிட்டு, பழசு முதல்ல.

செவலக்காளை (11:50)
ஜன்னல எப்பவும் தெறந்து வெச்சா போதும், காத்து ஓடுனா பூக்காது.

கோட்டையூர் (11:53)
மழை ராத்திரியில தெறந்து வெச்சா ஈரத்த வெத்தல பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. வெயில் இருந்தா பதினோரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் தெறங்க, பொழுது சாயுமுன்ன சாத்துங்க.

கானாடுகாத்தான் கறவை (மறுநாள் காலை 7:20)
தார்ப்பாய் உள்பக்கம் கை நனைஞ்சுருச்சு. அஞ்சு மூட்டையும் குழியில போட்டாச்சு, ஏழ எடுத்துத் தனியா வெச்சு சாம்பிள் கட்டிட்டேன். மாடு நாலு, மூணு இல்ல. பனஞ்சட்டம் காரைக்குடியில எங்க கெடைக்கும்?

அப்பத்தா வீடு (7:48)
இடிக்கிற வீடுகள்ல கேளுங்க. சுவத்துப் பெயிண்டையும் சுரண்டிருங்க.