பழைய கட்டடம் 'தாங்காது' என்று அறிக்கை வந்தால் நம்பலாமா?

தூக்குக்குண்டு:
காக்கணும் என்று ஒரு கட்சி, இடித்து அடுக்குமாடி கட்டணும் என்று இன்னொரு கட்சி. நடுவில் பொறியாளர் அறிக்கை ஒன்று வந்து 'தாங்காது' என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. செங்கல், சுண்ணாம்புக் காரை, மர உத்தரம், மூன்று தளம், நூறு வயது. சுவரில் விரிசல், கீழே ஓதம் (ஈரம் ஊறுவது). இப்படி ஒரு கட்டடத்துக்கு வந்த அறிக்கையில் எதையெல்லாம் சரிபார்க்கணும்?

சுண்ணாம்புக்காரை:
விரிசலை எத்தனை நாள் அளந்தார்கள் என்று முதலில் பாருங்க. ஒரே நாளில் போட்டோ எடுத்து எழுதிய அறிக்கை செல்லாது. இரு பக்கமும் குறி வைத்து, மழையும் வெயிலும் சேர ஒரு வருடமாவது அளக்கணும். அகலம் மாறவில்லை என்றால் அது பழைய தழும்பு. மேலே அகன்று கீழே ஒடுங்கி, வளர்ந்துகொண்டும் இருந்தால் சுவரின் ஒரு முனை இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பக்கத்தில் வடிகால் குழாய் உடைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் அஸ்திவாரத்தைக் குறை சொல்லணும்.

ஓதத்துக்குப் பல இடங்களில் காரணம் பிற்காலத்தில் பூசிய சிமென்ட். சுண்ணாம்புப் பூச்சு வழியே ஈரம் வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகம் பொரிந்து உதிரும். செங்கல்லுக்கு இடையே உள்ள சந்துகளைக் கை உளியால், சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்து அடைக்கணும். அறுக்கும் மெஷின் வேண்டாம், செங்கல் ஓரம் போய்விடும். பிறகு ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காக்கணும். சீக்கிரம் காய்ந்த காரை விரல் பட்டாலே மாவாக உதிரும். வெளியே தரை மேடாகி உள்தரையை விட உயர்ந்திருந்தால், அதை வெட்டித் தாழ்த்தாமல் என்ன பூசியும் பயனில்லை.

உத்தரம் நடுவில் கெடுவதை விடச் சுவருக்குள் புதைந்த முனையில்தான் அதிகம் கெடும். அங்கே ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்க. முனை மட்டும் போயிருந்தால் அதை அறுத்துப் புது மரம் இணைக்கலாம், உத்தரம் முழுவதையும் மாற்ற வேண்டாம்.

ரசமட்டம்:
சுவர் நின்றால் மட்டும் போதுமா? பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனமே சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்குக் கட்டடத்தை விடுவது பாதுகாப்புக்குத் துணை என்கிறது. பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1900இல் திறந்தது. நீண்ட ரயில்களுக்கு நடைமேடை போதாமல் போனது. 1986இல் அருங்காட்சியகமாகி இன்றும் நிற்கிறது. புது வேலை பழைய தளத்துக்குப் பொருந்தணும், அவ்வளவுதான். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் கணக்கு. அங்கே நூலக அடுக்குகளை ஏற்றினால் சுமை பல மடங்காகும், தளம் தொய்யும்.

எல்லாவற்றையும் காக்கணும் என்பதும் எனக்கு ஒப்பில்லை. கம்பி முழுக்கத் துருப்பிடித்துக் கான்கிரீட் வெடித்த சாதாரணக் கட்டடத்தை இடிப்பதே நல்லது. முகப்பை மட்டும் நிறுத்திப் பின்னால் கோபுரம் எழுப்புவது ரெண்டுங்கெட்டான்.

கொலுறு:
உரிமையாளரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நியூயார்க்கில் 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள், 1965இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட விடாததை எதிர்த்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஆனால் அங்கே பயன்படுத்தாத கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்ற வழி இருந்தது. உரிமையாளருக்கு அப்படி எதுவும் தராமல் பாதுகாப்புப் பட்டியலில் மட்டும் சேர்த்தால், அவர் மழைநீர்க் குழாயை அடைபட விட்டாலே போதும், கட்டடம் தானே விழும்.

தூக்குக்குண்டு:
சிமென்ட் பூச்சை எடுத்தால் செங்கல் முகமும் கூடவே பெயர்கிறதே?

சுண்ணாம்புக்காரை:
அப்படிப் பெயர்ந்தால் கட்டாயப்படுத்தாதீங்க. தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் மட்டும் எடுங்க, கெட்டியாகப் பிடித்த இடத்தை விட்டுவிடுங்க. எடுக்கும் சேதம் விடுவதை விடப் பெரிது.