இடிமழை சாயங்காலமும் பாத்ரூமில் ஏறும் சாக்கடையும்

கன்சால்பேட்டைக்காரர்:
மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். ஆடி, ஆவணியில் நம்ம வேலூர் பக்கம் இதுதான் வாடிக்கை. கடலோர ஊர்களில் கடல் ஏற்றமாக இருந்தால் வடிகால் வாயே அடைபட்டுப் போகும். சென்னையில் கூவம், அடையாறு முகத்துவாரத்து மணல் திட்டு வேறு. நமக்குக் கடல் இல்லை, பாலாறு இருக்கு. 2021 நவம்பர் மாதிரி அது இரு கரை தொட்டு ஓடினால், ஊர்த் தண்ணியைச் சுமந்து வரும் நிக்கல்சன் கால்வாய்க்கு வடிய இடமிருக்காது. ஆனால் ஆறு வறண்டு கிடக்கிற ஆவணியிலும் நஹானி டிராப் (பாத்ரூம் தரையில் தண்ணி போகிற ஓட்டை) வழியே சாக்கடை ஏறுதே, அதுக்கு ஆற்றைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தெருவில் எத்தனை வீட்டு மொட்டைமாடிப் பைப்பு சாக்கடைச் சேம்பரில் (பைப்புகள் சேரும் மூடி போட்ட தொட்டியில்) இறங்குதுன்னு எண்ணிப் பாருங்க.

சத்துவாச்சாரி வாசி:
கணக்கே போட்டுடலாம். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் புழங்கினால், அதில் எண்பது சதவீதம்னு வெச்சா, சாக்கடைக்குப் போவது நாளைக்கு 430 லிட்டர் சொச்சம். பத்து நாள் கழிவுக்குச் சமமான தண்ணியை ஒரே மணி நேரத்தில் திணிக்கிறோம்.

காட்பாடி பிளம்பர்:
சாக்கடை திரும்பி வராம தடுக்கிற வால்வு வாங்க ஓடுறதுக்கு முன்னாடி லெவல் டியூப் (மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பின குழாய்) பிடிச்சுப் பாருங்க. ரோட்டு மேன்ஹோல் மூடி உங்க பாத்ரூம் தரையை விடத் தாழ்வா இருந்தா, தண்ணி முதல்ல ரோட்டில்தான் பொங்கும்; செலவு வேண்டாம். ரோட்டை மேல மேல போட்டு மூடி உயர்ந்துட்ட தெருவில்தான் வால்வு அவசியம். வீட்டின் கடைசிச் சேம்பரில், 110 எம்.எம். லைனுக்கு 110 எம்.எம். நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுறது. அம்புக்குறி ரோட்டைப் பார்க்கணும், மேல்மூடியைக் கழற்றிக் கை விட இடம் இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை திறந்து முடி, எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. ஒரு நாப்கின் துண்டு சிக்கினாலே வால்வுக்குள்ள இருக்கிற கதவு முழுசா மூடாது.

கன்சால்பேட்டைக்காரர்:
அண்ணே, வால்வு மூடியிருக்கும்போதே சில வீட்டில் தண்ணி ஏறுதே?

காட்பாடி பிளம்பர்:
அது ரோட்டுத் தண்ணி இல்ல, அவங்க வீட்டுத் தண்ணியே. வால்வு மூடிட்டா உள்ளேயிருந்தும் வெளியே போகாது. மாடி வீட்டில் ஒருத்தர் ஃபிளஷ் இழுத்தா கீழ்வீட்டு டிராப்பில் எட்டிப் பார்க்கும். அதனால கீழ்த்தள லைன் மட்டும் வால்வு வழியா வரணும். மாடி லைனை வால்வைத் தாண்டி ரோட்டுப் பக்கம் சேர்க்கணும். மொட்டைமாடிப் பைப்பை அதோட சேர்க்கவே கூடாது, மழைநீர்க் குழிக்கோ வாய்க்காலுக்கோ தனியா விடுங்க. இதைச் செய்யாம வால்வு மட்டும் மாட்டுறது காசைக் கரியாக்குற வேலை. டிராப்பில் குளுகுளுன்னு சத்தம் கேட்டாலே வாஷிங்மெஷினை நிறுத்திடுங்க. பாலித்தீன் பையில் மணல் கட்டி டிராப் மேலயும் கமோடுக்குள்ளயும் அழுத்தி வைக்கலாம். மேன்ஹோலில் மட்டும் யாரையும் இறக்காதீங்க. உள்ளே விஷவாயு, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

சத்துவாச்சாரி வாசி:
செப்டிக் டேங்க் வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. மண் ஊறிக் கிடக்கும்போது லாரி வைத்து டேங்கை ஒட்ட உறிஞ்சாதீங்க. காலி டேங்க், அதுவும் பிளாஸ்டிக்கா இருந்தா, நிலத்தடி நீர் தூக்கி விட்டுடும், பைப்பு ஜாயின்ட் பிய்ந்துடும்.

சம்ப்பில் (தரைக்கடித் தண்ணித் தொட்டியில்) சாக்கடை கலந்திருந்தா மோட்டாரை ஆன் பண்ணாதீங்க, மேல் டேங்கும் கெடும். முழுசா இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்து, நல்ல தண்ணி நிரப்பி 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாம, வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்க. 12 மணி நேரம் விட்டு அதை வெளியேற்றி மறுபடி நிரப்பணும். பவுடர் பாக்கெட் திறந்து வெகுநாள் ஆனதா இருந்தா வீரியம் போயிருக்கும், புதுசு வாங்குங்க. தரை கழுவ லிட்டருக்கு 20 கிராம். அதே தரையில் டாய்லெட் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், ரெண்டில் ஒண்ணுதான்.