பெட்டிக்குள் குரல் பதிவு: ஃபோமைப் பிய்க்கவா, பெட்டியையே பிரிக்கவா?

நள்ளிரவுக்குரல்
ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன், உட்கார்ந்தபடி. கட்டைக் குரல். அறை மூலையில் பிளைவுட்டில் ஒரு பெட்டி கட்டினேன். உள்ளளவு 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், உயரம் 2.1. நான்கு சுவரிலும் கூரையிலும் 2.5 செ.மீ. ஃபோம் ஒட்டியாயிற்று. கை தட்டினால் 'பொத்' என்று அடங்கிவிடுகிறது, எதிரொலியே இல்லை. ஆனால் பதிவைக் கேட்டால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது. 'ஊர்', 'மூடு', 'பூட்டு' என்று ஊகாரம் வரும் இடமெல்லாம் வீங்குகிறது. 'மரம்', 'வாசல்' பரவாயில்லை. ஸகரம் மழுங்கிக் கிடக்கிறது. இன்னொரு அடுக்கு ஃபோம் ஒட்டினால் சரியாகுமா?

அளவுகோல்
ஒட்டாதீர்கள். இருப்பதில் பாதியைப் பிய்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பெட்டியையும் பிரித்துவிடலாம்.

அந்தக் கனத்து ஃபோம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும். கை தட்டும் சத்தமும் ஸகரமும் அந்தப் பக்கம் இருப்பவை, அதனால் அவை செத்துவிட்டன. கீழே இருப்பதை ஃபோம் தொடவே இல்லை. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால், அதாவது 2.4ஆல், வகுத்தால் 143 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டி சுவருக்குச் சுவர் குறுக்கே ரீங்கரிக்கும் முதல் சுருதி அது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே சுருதி. ஆண் குரலின் அடிச்சுருதி அடிக்கடி வந்து போகிற இடமும் அதுதான். 'ஊ' சொல்லும்போது குரலின் பலமெல்லாம் கீழே குவிகிறது, 'ஆ'வில் மேலே பரவிவிடுகிறது. உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பெரிய அறையின் நடுவுக்கு அருகில் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் கனமான உறிஞ்சி வையுங்கள். கார்டியாய்ட் மைக் முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். அதன் முன்னால் இருப்பது உங்கள் வாய், அதற்குப் பின்னால் உங்கள் முதுகுப்பக்கச் சுவர். எல்லாரும் மைக்கின் முதுகுப்புறத்தில் ஃபோமை ஒட்டிவிட்டுப் பின்சுவரை வெறுமனே விடுகிறார்கள்.

பஞ்சுப்பொதி
பெட்டியைப் பிரி என்று சொல்வது சுலபம். வெளிச் சத்தத்துக்கு என்ன பதில்? துணி நிறைந்த அலமாரிக்குள் இரண்டு வருடம் வாசித்திருக்கிறேன், ஒருவரும் பானை என்று சொன்னதில்லை. சின்ன இடமே ஆகாது என்று அடித்துப் பேசாதீர்கள்.

அளவுகோல்
துணி எவ்வளவு ஆழம்?

பஞ்சுப்பொதி
ஹாங்கர் அகலம்தான். 45 செ.மீ. இருக்கும்.

அளவுகோல்
பார்த்தீர்களா! 45 செ.மீ. பஞ்சும் பருத்தியும் எங்கே, இரண்டரை செ.மீ. ஃபோம் எங்கே? துளையுள்ள உறிஞ்சி காற்றின் அசைவைத்தான் உராய்ந்து பிடிக்கும். சுவரை ஒட்டிய காற்றில் அழுத்தம் அதிகம், அசைவு குறைவு. கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சம். 143 ஹெர்ட்ஸுக்கு அது 60 செ.மீ. அவ்வளவு கனம் வேண்டும் என்று சொல்லவில்லை. 10 செ.மீ. ராக்வூலும் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பின்னால் 10 செ.மீ. இடைவெளியும் இருந்தாலே கணிசமாக மாறும். ஆனால் 1.2 மீட்டர் பெட்டியில் நான்கு பக்கமும் அப்படி வைத்தால் அவர் எங்கே உட்காருவார்?

வெளிச் சத்தத்துக்கு ஃபோம் எதுவும் செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தடுப்பது எடையும், இடுக்கில்லாத கதவும்.

கீழ்ஸ்தாயி
ஈக்யூவில் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 143ஐ இறக்கிவிட்டால் வேலை முடிந்ததே. இதற்கு ஏன் தச்சு வேலை?

அளவுகோல்
பக்கம் திருப்பத் தலை பத்து செ.மீ. நகர்ந்தால் வீக்கத்தின் அளவும் மாறிவிடும். ஒரே வெட்டு ஒரு வரியில் சரியாக இருக்கும், அடுத்த வரியில் குரலை ஒல்லியாக்கும். மழுங்கிப்போன ஸகரத்தை ஈக்யூவில் தூக்கினால் மைக்கின் இரைச்சலும் கூடவே எழும்.

பஞ்சுப்பொதி
சரி, அலமாரி ஏன் நன்றாக இருந்தது என்பது புரிந்தது. ஆனால் உங்கள் கணக்கே பெட்டியைக் காப்பாற்றுகிறது. குறுக்கே ஓடும் அந்த 143க்குக் காற்று அதிகம் அசைவது பெட்டியின் நடுவில்தானே? அவர் உட்கார்ந்து வாசிக்கிறார். உட்கார்ந்தவர் தலை ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். கூரை 2.1. தலைக்கு மேல் 40 செ.மீ. கனத்துக்கு ராக்வூலைத் துணி சுற்றித் தொங்கவிடலாமே, நட்ட நடுவில்! சுவரில் ஒரு செ.மீ. கூடப் போகாது. நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை முக்கோணமாக அடைக்கலாம்.

அளவுகோல்
கூரை யோசனை எனக்குத் தோன்றவில்லை. செய்து பார்க்கத் தகுந்தது. ஆனாலும் என் ஓட்டு திறந்த அறைக்கே.

கீழ்ஸ்தாயி
தொங்கவிடும்போது கையுறையும் முகமூடியும் போடுங்கள், அரிப்பு தாங்காது. விளக்கு விஷயத்திலும் கவனம். பார்சலில் வரும் சாதாரண ஃபோமை ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுங்கள். 2003இல் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையில் சுவர் ஃபோம் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். உங்களுடையது ஒரே கதவுள்ள மூன்று கன மீட்டர் பெட்டி.

நள்ளிரவுக்குரல்
பத்து நாள் கழித்து வருகிறேன். பக்கச் சுவர் இரண்டிலும் ஃபோமைப் பிய்த்தேன் (பசை போகவில்லை, அது தனிக் கதை). தலைக்கு மேல் 40 செ.மீ. பொதி, பின் மூலைகள் இரண்டிலும் அடைப்பு. சுவரை ஒட்டி நின்ற மைக்கையும் உள்ளே இழுத்தேன். 'பூட்டு' இப்போது பூட்டாகவே கேட்கிறது. ஸகரம் திரும்பி வந்துவிட்டது. 'ஊர்' மட்டும் கொஞ்சம் தடிமன்.

அளவுகோல்
கீழிருந்து மேலே மெதுவாக இழுத்து ஒரு 'ஊ' பதிவு செய்யுங்கள். ஒருமுறை கதவை மூடி, ஒருமுறை திறந்து. எந்தச் சுருதியில் எழும்புகிறது என்று அதிர்வெண் படத்தில் (எந்தச் சுருதி எவ்வளவு பலம் என்று காட்டுவது) பாருங்கள்.

நள்ளிரவுக்குரல்
பார்த்தேன். மூடினால் 140 பக்கம் ஒரு மேடு நிற்கிறது. திறந்தால் பெருமளவு கரைந்துவிடுகிறது. திறந்தே வைத்து வாசிக்கலாம் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் நாய் குரைத்தது. அத்தியாயம் முழுக்க மறுபடியும்.

பஞ்சுப்பொதி
அந்த நாய் என் கட்சி.