மலையே இல்லாத மலைப் படம்

[ஞாயிறு, மாலை 6:12]

ஜெனி: பிளாக் நார்சிசஸ், அதான் இமயமலை மடத்துக் கன்னியாஸ்திரிங்க பத்தின 1947 படம், பாதி ஓடிடுச்சு. செல்வம் மாமா, இது டார்ஜிலிங்லயா எடுத்தது? பாறை விளிம்புல மணி அடிக்கிறாங்களே, அந்த இடம் இன்னும் இருக்கா?

செல்வம் மாமா: இருந்தாத்தானே. இங்கிலாந்துல பைன்வுட் ஸ்டுடியோ அது. காடு மாதிரி வர்ற சில காட்சி சசெக்ஸ்ல லெனர்ட்ஸ்லீ தோட்டம். யூனிட் இந்தியாவுக்கு வரவே இல்ல.

டேவிட்: அப்ப அந்தப் பள்ளத்தாக்கு???

செல்வம் மாமா: பெர்சி டே வரைஞ்ச ஓவியம். செட்ல மணியும் பாறை மேடும் மட்டும்தான் நிஜம். அதுக்குக் கீழ வர்ற ஆழம் முழுக்கப் பெயின்ட். நிஜக் காட்சியையும் ஓவியத்தையும் ஒரே ஷாட்டுல சேர்த்துடுவாங்க. இந்த வித்தைல கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. அசைஞ்சா நிஜமும் ஓவியமும் சேர்ற கோடு நடுங்கிக் காட்டிக் கொடுத்துடும். ஆளும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினா கை கால் காணாமப் போகும். வெயில் எந்தப் பக்கமோ, ஓவியத்துல நிழலும் அதுக்கு ஏத்த மாதிரி விழணும்.

செல்வம் மாமா: ஜன்னலுக்கு வெளிய தெரியிற மலை வேற கதை. கருப்பு வெள்ளை போட்டோவைப் பெருசாக்கி, மேல கலர் சாக்பீஸ் தேய்ச்சது.

டேவிட்: சாக்பீஸா 😳

செல்வம் மாமா: ஆமாடா. கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கே, கேமராமேன் ஜாக் கார்டிஃப், ரெண்டு பேருக்கும் ஆஸ்கர். டெக்னிகலர்ங்கிற அந்தக் காலக் கலர் பட முறைல கேமராக்குள்ள ஒரே நேரத்துல மூணு நெகட்டிவ் ஓடும். உள்ள இருக்கற பட்டகம் (ப்ரிசம்) ஒளியைப் பிரிச்சுடறதால வெளிச்சம் கொட்டணும். அதுலயும் கார்டிஃப் அங்கங்க இருட்டை விட்டு வச்சு ஒளி பண்ணினாரே, அதான் கெட்டிக்காரத்தனம்.

ரோஸி சித்தி: ஒரு திருத்தம். குரூப்ல நேத்து யாரோ கத்தோலிக்க மடம்னு போட்டிருந்தீங்க. இவங்க ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை. வார்த்தைப்பாட்டை, அதான் துறவற உறுதிமொழியை, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். படத்துல வர்ற சிஸ்டர் ரூத் புதுப்பிக்க மாட்டேன்னு நிக்கிறது அதனாலதான் சாத்தியம். வாழ்நாள் முழுக்கன்னு நித்திய வார்த்தைப்பாடு எடுத்திருந்தா இந்தக் கதையே நடக்காது.

ரோஸி சித்தி: வேலைப் பங்கீட்டையும் பாரு ஜெனி. மொத்தமே அஞ்சு சிஸ்டர். பிரையனிக்கு மருந்தகம், ஹனிக்கு லேஸ் வகுப்பு, ஃபிலிப்பாவுக்குக் காய்கறித் தோட்டம். அந்த ஃபிலிப்பா உருளைக்கிழங்கை விட்டுட்டுப் பூச்செடி நட்டுடுவாங்க. மடத்து ஒழுங்கு முதல்ல உடையிறது அங்கதான், ரூத்கிட்ட இல்ல. என்னைக் கேட்டா படத்தோட உயிரே அந்தத் தோட்டம்தான்.

செல்வம் மாமா: இல்ல சித்தி, உதட்டுச்சாயம்! படம் முழுக்க வெளிறின அங்கி, வெளிறின முகம். திடீர்னு ரூத் சிவப்பு கவுன்ல உட்கார்ந்து சிவப்பு பூசுவா பாருங்க. கண்ணுக்கு அவ்வளவு நேரம் சிவப்பை அதிகம் குடுக்காம வச்சிருந்ததாலதான் அது குத்துது.

ஜெனி: ஐயோ முடிவைச் சொல்லாதீங்க

[இரவு 9:40]

ஜெனி: முடிச்சுட்டேன். கடைசில ரூத் தேடிட்டு வர்ற இடம், வசனமே இல்லாம... கை சில்லிட்டுடுச்சு

செல்வம் மாமா: அங்க வழக்கத்துக்குத் தலைகீழ். பிரையன் ஈஸ்டேல் இசையை முதல்ல போட்டாச்சு. அந்தத் தாளத்துக்கு நடிகைங்க அடி எடுத்து வச்சாங்க.

டேவிட்: ஆனா சட்டுனு முடிஞ்ச மாதிரி இருக்கே மாமா, சிஸ்டருங்க கல்கத்தா போய்ச் சேர்றதைக் காட்டலையே

செல்வம் மாமா: எடுத்தாங்கடா. மடத்தை நடத்துற சிஸ்டர் குளோடா கல்கத்தாவுல சபைத் தலைவி மதர் முன்னாடி நிக்கிற காட்சி ஒண்ணு உண்டு. ஆனா பெரிய இலைங்க மேல முதல் மழைத்துளி விழுற ஷாட் டைரக்டர் பவலுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அதோட நிறுத்திட்டு மிச்சத்தை வெட்டிட்டார்.

ரோஸி சித்தி: அது ரூபார்ப் இலை 🙂