வாளையார் பக்கம் இரவில் தண்டவாளத்தைத் தேய்க்கும் வண்டி: விளக்கம் தேவை

கஞ்சிக்கோடுவாசி:
ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். சென்ற வாரம் நள்ளிரவில், பல பெட்டிகள் கோத்த ஒரு வண்டி, இரண்டு தண்டவாளங்களிலும் தீப்பொறியை வாரி இறைத்தபடி சைக்கிள் வேகத்தில் போவதும், பின்னோக்கி வந்து அதே இடத்தை மறுபடி தேய்ப்பதுமாக இருந்தது. காலையில் லெவல் கிராசிங்கைக் கடக்கும்போது பார்த்தேன். தண்டவாளத்தின் தலையில் குறுக்குக் கீறல்கள், ஆங்காங்கே நீலம் பாய்ந்த திட்டுகள், ஜல்லியின் மேல் கரிய இரும்புத் தூள். நன்றாக இருக்கும் இரும்பை இப்படித் தேய்த்தால் அதன் ஆயுள் குறையாதா? அன்றிலிருந்து வண்டிகள் ஒரு ரீங்காரத்தோடு போவதற்கும் இதுதான் காரணமா?

ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ., பாலக்காடு:
தம்பி, நான் ரயில் பாதை ஆய்வாளராக (பி.டபிள்யூ.ஐ.) இருந்தவன். நீங்கள் பார்த்தது ரயில் கிரைண்டிங் மெஷின், அதாவது தண்டவாளத்தைத் தேய்த்துச் சீராக்கும் வண்டி. அதிலுள்ள சாணைக்கற்களின் எண்ணிக்கையை வைத்து 72 கல் மெஷின், 96 கல் மெஷின் என்று சொல்வார்கள். ஒவ்வொரு கல்லையும் தனித்தனிக் கோணத்தில் சாய்க்கலாம் என்பதால், ஒரு நடையில் மேற்பரப்பையும் அடுத்த நடையில் உள்விளிம்பையும் தேய்த்து, தண்டவாளத்தின் தலைக்கு உரிய வளைவைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். முன்னும் பின்னும் போனது அதற்காகத்தான்.

ஆயுள் குறையாது, கூடும். சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு காசு அளவுதான். முழுப் பாரமும் அந்தச் சிறிய இடத்தில் இறங்குவதால், குறிப்பாக வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தின் உள்விளிம்பில், மயிரிழை போன்ற வெடிப்புகள் சாய்வாக வரிசைகட்டும். மில்லிமீட்டரில் ஒரு பின்னம் அளவுக்கு மேல்தோலை எடுத்துவிட்டால் அவை அங்கேயே முடிந்துவிடும். விட்டுவைத்தால் உள்ளே இறங்கும். அதைவிட ஆபத்து, தண்டவாளத்துக்குள் மீயொலி அலையைச் செலுத்திக் குறையைக் கண்டறியும் யு.எஸ்.எஃப்.டி. சோதனையில், மேலே இருக்கும் வெடிப்பு அந்த அலையை மறித்து, அடியில் உள்ள பெரிய குறையைக் காட்டாமல் செய்துவிடும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் வளைவில் இருந்த தண்டவாளம் இத்தகைய வெடிப்புகளால் நொறுங்கி, விரைவு வண்டி தடம்புரண்டு நால்வர் உயிரிழந்தனர். பாதையில் வேலை செய்த எவருக்கும் அந்த விபத்து மறக்காது.

ரீங்காரத்துக்குக் காரணம் அந்தக் குறுக்குக் கீறல்கள்தான். வண்டிகள் ஓட ஓட அவை மழுங்கி, சத்தம் தானாக அடங்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
ஐயா, வாளையாருக்கும் மதுக்கரைக்கும் இடையில் பாதை ஏ லைன், பி லைன் என்று பிரிந்து காட்டுக்குள் போகிறது. கோடையில் அங்கே புல் காய்ந்து கிடக்கும்போது இந்தப் பொறி விழுந்தால் என்ன ஆகும்? யானைகள் நடமாடும் இடம் என்பதால் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ., பாலக்காடு:
நியாயமான கவலை, அம்மா. மெஷினிலேயே தண்ணீர்த் தொட்டிகளும், பாதையோரத்தை நனைக்கும் தெளிப்பான்களும் உண்டு. அதை மட்டும் நம்பிவிடாமல், காய்ந்த புல் உள்ள இடங்களில் முன்கூட்டியே புல்லை அகற்றுவதும், பின்னாலேயே ஆட்கள் நடந்து கங்கு எதுவும் மிஞ்சவில்லை என்று பார்ப்பதும் அவசியம். என்னைக் கேட்டால், மழைக்குப் பிந்திய மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

கஞ்சிக்கோடுவாசி:
மிக்க நன்றி, ஐயா. அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட விரும்புகிறேன். எங்கே நிற்கலாம்?

ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ., பாலக்காடு:
மூடிய கேட்டுக்கு வெளியே, நன்றாகத் தள்ளி நில்லுங்கள். பொறியோடு கல் துணுக்கும் தெறிக்கும். வெறும் கண்ணால் கிட்டப் பார்க்கக் கூடாது. பாதைக்குள் இறங்குவது 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147 ஆம் பிரிவின்படி குற்றம். இந்தப் பாதையில் வேலை நடக்கும்போது பக்கத்துப் பாதையில் வண்டி வந்தால், இரைச்சலில் அது காதில் விழாது.