இடுப்பு மூட்டு மாற்றியவர்களே, அந்த மரப்பு ஊசி உங்களுக்கு எப்படி இருந்தது?

முதல் பதிவு:
எனக்கு ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியோடு சேர்த்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கவட்டைப் பக்கம் நரம்பை மரக்க வைக்கும் ஒரு பிளாக்கும் போட்டார்கள். அன்று முழுக்க நான்தான் ராஜா. பார்க்க வந்தவர்களிடம் "இவ்வளவுதானா!" என்று அளந்தேன். ராத்திரி பத்து மணி மாத்திரையைக்கூட "வலியே இல்லையே சிஸ்டர்" என்று தள்ளி வைத்துவிட்டேன். மூன்று மணி வாக்கில் தொடைக்குள் நெருப்பு வைத்தது போல முழிப்பு வந்தது. அந்த மாத்திரை சின்னக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபடியே மணியை அழுத்தினேன். உங்களுக்கும் மரப்பு இப்படித் திடீரென்று இறங்கியதா?

வாக்கர் மகள்:
அம்மாவுக்கு ஃபீமோரல் பிளாக், அதாவது தொடையின் முன்பக்க நரம்புக்குப் போடுவது. வலி சுத்தமாக இல்லை. மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து எழுந்தவர், "இது என் காலே இல்லடி" என்றார், அடுத்த நொடி முழங்கால் மடங்கிவிட்டது. பிசியோ பெண் இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருந்ததால் தப்பினோம். என்னைக் கேட்டால் இந்த ஊசியே வேண்டாம்.

பழைய எலும்பு:
வாக்கர் மகள், ஊசியே வேண்டாம் என்பது அநியாயம். ஃபீமோரல் என்றால் தொடையின் முன்தசையும் சேர்ந்து அசந்துவிடும், அது தெரிந்த விஷயம். 2018-இல் வந்த பெங் பிளாக் மூட்டின் முன்புறத்துக்குப் போகும் சிறு கிளைகளைக் குறிவைப்பது, காலின் பலம் பெரும்பாலும் போகாது (மருந்து அதிகமாகப் பரவினால் அதிலும் போகலாம்). எனக்கு அதுதான் போட்டார்கள், மறுநாள் நடந்தேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கேளுங்கள். இடுப்பு மூட்டுக்கு ஃபீமோரல், ஆப்டுரேட்டர், சயாட்டிக் என்று பல நரம்புகள் வருகின்றன, ஒரே ஊசி எல்லாவற்றையும் மூடாது. மரப்பு மருந்து ரோபிவகெய்னோ புபிவகெய்னோ, ஒரு தடவை போட்டால் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரைதான். அது இறங்கும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போடும்போது நாக்கில் உலோகச் சுவையோ காதில் இரைச்சலோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், மரத்திருக்கும் காலில் சூடு ஒத்தடம் கூடவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

வாக்கர் மகள்:
சரி அண்ணா, அம்மா விழப் பார்த்தது உங்கள் பாடத்தில் எந்தப் பக்கம்? எந்த பிளாக் என்று எங்களை யாரும் கேட்கவே இல்லை.

முதல் பதிவு:
அண்ணா, நான் கேட்டது ஒன்றே ஒன்று: திடீரென்று இறங்கியதா இல்லையா?

பழைய எலும்பு:
இறங்கியது. விடிகாலை நாலரைக்கு. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து விளக்கைப் போட்டார்.