'வைட் ஆஃப் தி மார்க்': தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி:
ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். செலவு பற்றிய முதல் கணிப்பு 'வைட் ஆஃப் தி மார்க்' என்று வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலி 'மதிப்பெண்ணின் அகலம்' என்கிறது! அகராதியைப் பார்த்தால் இதற்கும் 'ஆஃப் தி மார்க்' என்பதற்கும் 'தவறான' என்றே போட்டிருக்கிறது. ஆனால் கிரிக்கெட் வர்ணனையில் அதைச் சந்தோஷமாகத்தானே சொல்கிறார்கள்? எனக்குத் தலை சுற்றுகிறது.

பதில் 1:
இங்கே மார்க் என்பது மதிப்பெண் இல்லை, வில்லாளியின் இலக்கு. அம்பு அதைத் தொடாமல் வெகுதூரம் விலகிப் போனால் வைட். கணிப்பு, ஊகம், குற்றச்சாட்டு போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஒன்று கவனியுங்கள்: தமிழில் எழுதினால் இரண்டும் 'ஆஃப்'தான். ஆங்கிலத்தில் வைடுக்குப் பின் வருவதற்கு ஒரு எஃப், கிரிக்கெட்டில் வருவதற்கு இரண்டு எஃப்.

பதில் 2:
கிரிக்கெட் மார்க் வேறு. ஓட்டப்பந்தயத்தில் கால் வைத்து நிற்கும் தொடக்கக் கோடு அது. கோட்டை விட்டுக் கிளம்பியாயிற்று, அதாவது முதல் ரன் எடுத்தாயிற்று. 'குவிக் ஆஃப் தி மார்க்' என்றால் சட்டென்று களத்தில் இறங்கிவிட்டார் என்று பாராட்டு. அதே இரண்டு எஃப் சொல் ஒரு கணிப்பைப் பற்றி வந்தால் இலக்குதான், அப்போது அகராதி சொல்வது சரி.

கேட்டவர்:
அப்படியானால் 'கணிப்பு குறி தவறியது' போதுமா?

பதில் 1:
போதாது. குறி மயிரிழையிலும் தவறலாம். வைட் என்பதில் தூரம் இருக்கிறது. செலவு இரண்டு மடங்கானால் அப்படிச் சொல்வார்கள், கொஞ்சம் கூடினால் சொல்ல மாட்டார்கள். 'வெகுவாகப் பிசகிவிட்டது' எனலாம்.

பதில் 3:
நடுவில் ஒரு வார்த்தை. 'பிழைத்தல்' என்பதற்கே குறி தப்புதல் என்ற பொருள் உண்டு. 772-ஆம் குறளில் வரும் 'பிழைத்தவேல்' யானை மேல் படாமல் போன வேல். ஆனால் இன்று 'கணிப்பு பிழைத்தது' என்று எழுதினால், உயிர் தப்பியதாக்கும் என்று படிப்பார்கள்!

கேட்டவர்:
'வெகுவாகப் பிசகிவிட்டது' என்றே போட்டுவிட்டேன், நன்றி. அடுத்த பத்தியில் ஒரு விளம்பரம் 'மிஸ் தி மார்க்' ஆனதாம். அதற்கும் இதையே போடலாமா?

பதில் 1:
வேண்டாம். அங்கே கணக்கு தப்பவில்லை, நினைத்த பலன் கிடைக்கவில்லை. 'எடுபடவில்லை' என்று போடுங்கள்.